குறை சொல்லாத பதினான்கு பேர்

திருச்சி விமான நிலையத்தில் என் படிவத்தை வாங்கிப் பார்த்த அதிகாரி முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்தார்.

"சொந்த ஊர் திருக்காட்டுப்பள்ளின்னு போட்டிருக்கீங்க. தங்குற இடம் தஞ்சாவூர் ஓட்டலா? வீட்டுல ஏதும் சண்டையா?"

"இல்லைங்க, ஆபீஸ் வேலையா வந்திருக்கேன்."

"சிங்கப்பூர்லேருந்து தஞ்சாவூருக்கு ஆபீஸ் வேலையா?" முத்திரையை ஓங்கிக் குத்திவிட்டுப் பக்கத்து மேசைக்காரரிடம் திரும்பினார். "கேட்டியாய்யா? இனிமே நாமதான் அவங்களுக்கு விசா குடுக்கணும் போலிருக்கு."

அவர் சிரித்ததில் தப்பில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் வேலை தேடி விமானம் ஏறித்தான் பழக்கம். வேலை விமானத்திலிருந்து இறங்கி வந்து பார்த்ததில்லை.

நான் ஒரு பெரிய கணினி நிறுவனத்தில் மேலாளர். சரக்குக் கிடங்குகளுக்கான மென்பொருள் ஒன்று எங்கள் பொறுப்பு. எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது, எப்போது லாரி ஏற வேண்டும் என்று சொல்வது அது. சிங்கப்பூரில் என் கீழே உள்ள பதினெட்டுப் பேர் அதை எழுதுகிறார்கள். எங்காவது கோளாறு என்றால் வாடிக்கையாளர்கள் கூப்பிடுவது தஞ்சாவூர்க் கிளையை. அங்கே பதினான்கு பேர். கிளை தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. அதைத் தொடங்கச் சொல்லி மேலிடத்தில் வாதாடியவன் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். அந்தப் பதினான்கு பேரில் பாதிப் பேருடைய வீட்டிலும் அதே கதை.

இப்போது மேலிடம் இரண்டில் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். மருந்துக் கிடங்குகளுக்காகப் புதிதாக வரும் வேலையைத் தஞ்சாவூருக்குத் தருவது. இல்லையென்றால் கிளையையே மூடிவிட்டு வேலையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோவது. நேரில் பார்த்து நான்காம் நாள் முடிவைச் சொல்வதற்காக என்னோடு வந்தவர் என் மேலதிகாரி மார்லீன். டச்சுக்காரப் பெண்மணி, ஆறடி உயரம், கேட்க வேண்டியதை நேராகக் கேட்பவர். அந்த வருடம் எனக்கும் பதவியில் ஒரு படி ஏறும் முறை இருந்தது. அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே. எனக்கு இரண்டிலும் சந்தேகம் இல்லை. தஞ்சாவூர்க்காரர்கள் வேலை செய்வதைப் பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போகும் என்று நினைத்திருந்தேன்.

முதல் நாளே வண்டி நின்றது. நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஓட்டுநர் கலியபெருமாள் அண்ணன் உள்ரோட்டில் திருப்பினார். குறுவை அறுவடைக் காலம். தார்ச் சாலையின் ஒரு பாதி முழுக்க நெல் காயப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் அறுவடை இயந்திரம் ஒன்று லாரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. முன்னாலும் போக முடியாது, நெல்லின் மேலும் ஏற்ற முடியாது.

"இது யாருடைய சாலை?" என்று மார்லீன் கேட்டார்.

கலியபெருமாள் அண்ணனிடம் தமிழில் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"கவர்மெண்ட்டுதுதான். ஆனா இந்தப் பத்து நாளைக்கு நெல்லோடதுன்னு சொல்லுங்க தம்பி."

மொழிபெயர்த்ததும் மார்லீன் விழுந்து விழுந்து சிரித்தார். தங்கள் நாட்டில் சாலையில் ஒரு நாற்காலி போடவே அனுமதி வாங்க வேண்டும் என்றார். சிங்கப்பூரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் நின்றோம். பக்கத்துக் கடையில் டீயும், சூடு ஆறாத வாழைப்பூ வடையும் கிடைத்தன. மார்லீன் மூன்று வடை சாப்பிட்டார். நல்ல சகுனம் என்று எண்ணிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் அலுவலகம். எங்கள் கிளை ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. குவைத்தில் இருபது வருடம் சம்பாதித்தவர் ஒருவர் கட்டியது. கீழே அவருடைய மிக்ஸி, கிரைண்டர் கடை. படியேறும்போதே பன்னீர் வாசம். வாசலில் சந்தனம், கற்கண்டு, மார்லீனுக்குச் சால்வை. சால்வை போட்டவர் கிளைப் பொறுப்பாளர் நசீமா. அய்யம்பேட்டைப் பெண். அவருடைய வாப்பாவும் வளைகுடாவில் இருந்தவர்தான். அவர் அனுப்பிய காசில் படித்து, ஊரை விட்டுப் போகாமலே வேலை பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இங்கே சேர்ந்தவர். காலைச் சாப்பாட்டுக்குக் கும்பகோணத்துக் கடப்பாவும் இட்லியும் வரவழைத்திருந்தார்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த அந்தக் குழம்பை மார்லீன் கரண்டியால் தனியாகவே எடுத்துச் சாப்பிட்டார். மேலே ஒரு தட்டுத் திருவையாற்று அசோகா அல்வா.

பிறகு கூட்ட அறை. பதினான்கு பேரும் இஸ்திரி போட்ட உடையில், கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மார்லீன் வெள்ளைப் பலகையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களை எழுதினார்.

"உங்கள் வேலையில் சரியாக நடக்காத மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்."

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"எல்லாம் நல்லபடியாப் போகுது மேடம்," என்றார் நசீமா.

"ஒன்றாவது இருக்குமே?"

பின்வரிசையில் கார்த்தி தொண்டையைச் செருமினான். வந்த வருடமே எல்லோரையும் விட வேகமாகக் கோளாறு கண்டுபிடிப்பவன் என்று பெயர் வாங்கியவன். "ஏசிதான் மேடம், மத்தியானத்துல கொஞ்சம்..."

நசீமா திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

"ஏசியும் நல்லாத்தான் இருக்கு மேடம்," என்று கார்த்தி உட்கார்ந்துவிட்டான்.

மூன்று எண்களும் வெறுமையாகவே நின்றன. மதியம்வரை மார்லீன் வேறு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தார். ஒவ்வொருவரும் இன்னும் அழகாகப் புகழ்ந்தார்கள். சிங்கப்பூர் அணியைப் புகழ்ந்தார்கள், என்னைப் புகழ்ந்தார்கள், கடைசியில் கீழே மிக்ஸிக் கடைக்காரரையும் புகழ்ந்தார்கள். எனக்குப் பெருமையாகவே இருந்தது.

வண்டியில் ஏறியதும் மார்லீன் சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மூன்று வருடம் வேலை பார்த்துப் பதினான்கு பேருக்கு ஒரு குறைகூடத் தெரியவில்லை. ஒன்று, இவர்களுக்குக் கண் இல்லை. அல்லது என்னிடம் மறைக்கிறார்கள். மருந்துக் கிடங்கு வேலையை இரண்டு வகையானவர்களிடமும் நான் தர முடியாது."

"அவர்கள் மரியாதையாக..."

"மரியாதை வேண்டாம். மருந்து தவறான ஊருக்குப் போனால் மரியாதை எதற்கு உதவும்?"

ஒரு வாரம் முன்பு நசீமாவுக்குத் தொலைபேசியில் நான் சொன்னது அப்போதுதான் உறைத்தது. "பெரியவங்க வர்றாங்க, எல்லாரும் நல்லபடியா நடந்துக்கணும்." ஒரு மேலாளராக இல்லாமல், வீட்டுக்கு விருந்தாளி வரும்போது அம்மா சொல்வதைப் போல அதைச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் வந்தவர் முன்னால் வீட்டுக் குறையை எடுத்து வைப்பது, வந்தவரை அவமதிப்பது.

மூன்றாம் நாள் காலை திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் வீட்டில் சாப்பாடு என்று முன்பே ஏற்பாடு. எனக்கு மனமே இல்லை. ஆனாலும் அண்ணி ஆற்றுக் கெண்டையை வாங்கி மண்சட்டியில் குழம்பு வைத்துவிட்டார். போகாமல் இருந்தால் பிறகு ஊர்ப் பக்கமே தலைகாட்ட முடியாது.

என் அண்ணன் மாணிக்கம் ஐந்தாவதோடு நிறுத்தியவர். குத்தகை நிலத்தில் பயிர் வைக்கிறார். மார்லீனை வாங்க வாங்க என்று உட்காரவைத்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"ஏன்டா, இவங்க உனக்கு மேலயா?"

"ஆமாண்ணே."

"உனக்குக் கீழ எத்தனை பேரு?"

"பதினெட்டு."

"அவங்க என்ன பண்ணுவாங்க?"

"கம்ப்யூட்டர்ல எழுதுவாங்க."

"நீ?"

"அவங்க எழுதுறதை... பாத்துக்குவேன்."

"கங்காணின்னு சொல்லேன்டா. இதுக்குப் போயி இங்கிலீஷ்ல ஒரு பேரு."

அண்ணி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மார்லீன் என்ன சிரிப்பு என்று கேட்டார். என் பதவியை அண்ணன் சுருக்கமாக விளக்கினார் என்றேன்.

மீன் முள்ளை மார்லீன் பொறுமையாக எடுத்துச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே, இந்த முறை விளைச்சல் எப்படி என்று அண்ணனைக் கேட்டார்.

"கண்டுமுதல் நல்லா இருக்குங்க. ஒண்ணும் குறையில்லைங்க."

அப்படியே மொழிபெயர்த்தேன். சாப்பாடு முடிந்ததும் மார்லீன் வயலைப் பார்க்க வேண்டும் என்றார். வீட்டின் பின்னால் நாலு எட்டுத்தான். வரப்பில் கால் வைத்த இரண்டாவது அடியிலேயே வழுக்கி முழங்கால் வரை சேற்றில் இறங்கினார். பதறிப்போய்க் கை கொடுத்தேன். அவர் கையைப் பிடிக்கவில்லை. எதிரே பார்த்துக்கொண்டு நின்றார். பாதி வயல் மழையில் சாய்ந்து தண்ணீருக்குள் கிடந்தது. ஒரு கதிரைப் பிடுங்கினார். நெல்மணிகளிலிருந்து வெள்ளையாக முளை கிளம்பியிருந்தது.

"இதுதான் ஒன்றும் குறையில்லை என்பதா?"

அண்ணனிடம் திருப்பிக் கேட்டேன். அவர் என்னை முறைத்தார்.

"ஏன்டா, வந்தவங்க கையில சோத்தை வச்சிக்கிட்டு இருக்கும்போது என் பாட்டைப் பாடச் சொல்றியா?"

அதையும் மொழிபெயர்த்தேன்.

திரும்பும் வழியில் சாலையில் எங்கள் நெல் காய்ந்துகொண்டிருந்தது. சாயாமல் தப்பிய பாதியில் அறுத்தது. அண்ணியும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியும் காலை இழுத்து இழுத்து நடந்து அதைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். மார்லீன் ஒரு நிமிடம் பார்த்தார். அடி பம்பில் சேற்றைக் கழுவிவிட்டு, நெல்லின் ஓரத்தில் காலை வைத்து நடக்க ஆரம்பித்தார். நெல் நாலாபுறமும் தெறித்தது.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "ஐயையோ, அப்படி இல்லைங்க! காலைத் தூக்காதீங்க, பாதத்தை ஒட்டி இழுங்க. கோடு நேரா வரணும். ஆங், அப்படித்தான்." கூடவே அவரும் இறங்கி நடந்தார். இரண்டாவது சுற்றில், யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார். "நாலு நாள் மழைங்க. டயர் வச்ச அறுப்பு மிஷினு சேத்துல எறங்காது. பெல்ட் மிஷினுக்குச் சொல்லிவிட்டு நிக்கிறோம், மிஷினு இன்னும் வந்தபாடில்ல. அறுத்ததும் ஈரம். காஞ்சாத்தான் கவர்மெண்ட்டு கொள்முதல்ல எடுப்பாங்க. வெயில் அடிச்சா மத்தியானத்துல மேகம் வந்து நிக்குது..." சாலையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை சொல்லிக்கொண்டே வந்தார். நான் பின்னால் நடந்து மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன். சாப்பாட்டு இலை முன்னால் உட்கார்ந்திருந்தவரிடம் சொல்லாததையெல்லாம், நெல் கிளறும் பெண்ணிடம் சொல்லிவிட்டார்.

நெல்லில் கால் வைத்தபடியே எனக்கு வழி தெரிந்துவிட்டது. வண்டியில் ஏறியதும் மார்லீனிடம் கேட்டேன். "நாளைக்குக் கூட்டம் வேண்டாம். காலையில் நசீமாவின் பக்கத்தில் உட்கார்ந்து, வாடிக்கையாளர் கோளாறுகளை நீங்களே வாங்கிச் சரிசெய்ய முடியுமா?"

"நான் கணினி நிரல் எழுதிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது."

"அதனால்தான் கேட்கிறேன்."

சரி என்றார்.

தஞ்சாவூர் வந்ததும் நசீமாவைத் தொலைபேசியில் பிடித்தேன். மேடம் நாளை வேலை செய்ய வருகிறார், என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன்.

"சார், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"உள்ளதைச் சொன்னா சங்கடம் எங்களுக்கு இல்ல சார். உங்களுக்குத்தான்."

"எனக்கென்ன?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை உங்க டீம் புது வெர்ஷன் அனுப்புறாங்கல்ல? அது பாதி நாள் உடைஞ்சுதான் சார் வருது. சனிக்கிழமை நாங்க வந்து உக்காந்து சரி பண்ணிடுவோம். திங்கக்கிழமை கஸ்டமருக்குத் தெரியாது."

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும் சார்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்கதானே சார் இந்த ஆபீஸைக் கொண்டாந்தீங்க? உங்க டீமைப் பத்தி உங்ககிட்டயே எப்படிச் சொல்றது? இப்ப உங்க மேடம்கிட்ட எப்படிச் சொல்றது?"

ஒரு வருடமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் சிங்கப்பூரில் நான் கூட்டம் கூட்டி, இந்த வாரமும் ஒரு புகார் இல்லை என்று என் பதினெட்டுப் பேருக்கும் கைதட்டியிருக்கிறேன். அந்தக் கைதட்டலை நம்பித்தான் என் பதவி உயர்வுக்கான தாளும் நகர்ந்துகொண்டிருந்தது. நசீமா வாயை மூடிக்கொண்டால் தாள் நகரும், கிளை போகும். வாயைத் திறந்தால் கிளைக்கு ஒரு வாய்ப்பு உண்டு. என் தாள் நின்றுவிடும். உண்மையைச் சொல்கிறேன், ஓட்டல் வாசலில் நின்று ஒரு டீ குடித்து முடிக்கும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பிறகு நசீமாவுக்கு மறுபடி போன் செய்தேன்.

"எதையும் மறைக்காதீங்க. நான் அங்கேதான் இருப்பேன்."

நான்காம் நாள் சால்வையும் இல்லை, சந்தனமும் இல்லை. மார்லீன் காலை எட்டரைக்கு நசீமாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முதல் கோளாறை எடுத்தார். மலேசியாவில் ஒரு கிடங்கில் பெட்டிகள் இரண்டு முறை எண்ணப்படுகின்றன. பத்து நிமிடம் தட்டிப் பார்த்து ஒரு வரியை மாற்றினார்.

"மேடம், அதைத் தொடாதீங்க," என்று பின்னாலிருந்து கார்த்தியின் குரல். "அதைத் தொட்டா ரிப்போர்ட் போயிடும்."

"எப்படித் தெரியும்?"

"நான் ஒரு தடவை தொட்டுட்டு ரெண்டு நாள் முழிச்சேன் மேடம்."

அறையில் சிரிப்பு. மார்லீனும் சிரித்தார். மூன்றாவது கோளாறு வரும்போது அவரைச் சுற்றி ஐந்து பேர் நின்றார்கள். "அங்க இல்ல மேடம், கீழ பாருங்க." "ஐயோ, சேவ் பண்ணாம மூடிட்டாங்க." கூட்டத்தில் வாயே திறக்காத ஒரு பெண், மார்லீன் கையிலிருந்து மவுஸை வாங்கித் தானே சொடுக்கிக் காட்டினாள்.

நசீமாவின் திரையில் 'களை' என்று பெயரிட்ட ஒரு கோப்பு கிடந்தது. அது என்ன என்று மார்லீன் கேட்டார். பயிருக்கு நடுவே முளைக்கும் வேண்டாத புல் என்று சொன்னார்கள். திறந்தார். வரிசை வரிசையாகக் கோளாறுகள். ஒவ்வொன்றின் எதிரிலும் அதைப் பறித்தவர் பெயர். தேதிகள் எல்லாம் சனிக்கிழமை.

"இவை எங்கிருந்து வருகின்றன?"

நசீமா என்னைப் பார்த்தார்.

"சொல்லுங்க," என்றேன்.

நசீமா சொன்னார். எது உடைந்து வந்தது, யார் சரிசெய்தார், ஏன் சொல்லவில்லை என்று ஒன்றையும் விடவில்லை. அவர் முடிக்கும் முன்பே மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். சோதனை செய்யாமல் அனுப்புகிறார்கள், கேள்வி கேட்டால் இரண்டு நாள் கழித்துத்தான் பதில் வருகிறது, கூட்டங்களில் தஞ்சாவூர்க்காரர்களைப் பேசவிடுவதில்லை. பட்டியல் நீண்டது. "ஏசியும் ஓடல மேடம், மூணு மாசமா!" என்று கார்த்தி கத்தினான். மார்லீன் எழுந்து போய் வெள்ளைப் பலகையில் எழுத ஆரம்பித்தார். இடம் போதவில்லை.

மதியம் என்னைத் தனியாக அழைத்தார்.

"இது உங்களுக்குத் தெரியாதா?"

"நேற்றுவரை தெரியாது."

"தெரிந்து மறைத்திருந்தால் உங்களை நீக்கியிருப்பேன். தெரியாமல் இருந்தது ஒரு மேலாளருக்கு அதைவிடப் பெரிய தவறு. இந்த வருடம் உங்கள் பதவி உயர்வுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"சரி."

"மருந்துக் கிடங்கு வேலை இங்கே வரும். இனி நசீமா சரி என்று சொல்லாமல் சிங்கப்பூரிலிருந்து ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது. கடிதத்தை நீங்களே எழுதுங்கள். உங்கள் பதினெட்டுப் பேரும் உங்கள் கையெழுத்தில் படிக்கட்டும்."

திரும்பும் வழியில் வண்டியின் பின்சீட்டில் மடிக்கணினியை வைத்து எழுதினேன். கஷ்டமாக இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் கை தயங்கவில்லை. ஒரு வருடம் பின்தங்கினால் ஒன்றும் ஆகிவிடாது. எனக்கு வேலை தெரியும், தெரியாததும் இப்போது தெரியும். செங்கிப்பட்டி தாண்டும்போது எழுதி முடித்தேன். மார்லீன் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். என் பதினெட்டுப் பேருக்கும் நசீமாவுக்கும் அனுப்பினேன். கலியபெருமாள் அண்ணன் கண்ணாடியில் பார்த்து, "என்ன தம்பி, ஆபீசு நிக்குதா, போகுதா?" என்றார். நிக்குது என்றேன். "பின்னே என்ன, மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?" என்று வண்டியை விரட்டினார்.

விமான நிலைய வாசலில் பெட்டிகளை இறக்கும்போது நசீமா கூப்பிட்டார். நன்றி சொல்லப் போகிறார் என்று எடுத்தேன்.

"சார், மெயில் படிச்சேன். ரெண்டாவது பாரா தப்பா இருக்கு."

"எது?"

"முதல் மூணு மாசம் சிங்கப்பூர் டீம் எங்களுக்கு ட்ரெயினிங் குடுக்கும்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"ஒரு வருஷமா அவங்க உடைச்சதை ஒட்டுனது நாங்க. ட்ரெயினிங்கை யார் சார் யாருக்குக் குடுக்கணும்?"

மார்லீன் உள்ளே போகலாமா என்று கையைக் காட்டினார். ஒரு நிமிடம் என்றேன். பெட்டியைத் தரையில் சாய்த்து அதன் மேல் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து, இரண்டாவது பாராவைத் திருத்தினேன். நசீமா தொலைபேசியை வைக்கவில்லை.

"அனுப்பிட்டேன், பாருங்க."

வாசித்துப் பார்த்தார். "இப்ப சரியா இருக்கு சார். மூணாவது பாராவுலயும் ஒண்ணு இருக்கு."

"சொல்லுங்க," என்றேன்.